“ஊர் பேரை மட்டும் மாத்திக் குடுங்க”: கச்சேரி ப்ரோமோ எடிட்டர்கள் கவனத்துக்கு

லண்டன், பாரிஸ், சூரிச், ஆஸ்லோ, டோர்ட்முண்ட் என ஐந்து ஊர் மெல்லிசைக் கச்சேரி. சென்னை சாலிகிராமத்தில் தனியாக வேலை எடுத்துச் செய்யும் ஒரு எடிட்டரிடம் ப்ரோமோ (விளம்பர வீடியோ) கேட்டு வந்தார் அமைப்பாளர். பேசியது 40,000 ரூபாய், முன்பணம் 10,000. “ஒரே வீடியோதான் தம்பி, ஊர் பேரை மட்டும் மாத்திக் குடுங்க.” கச்சேரி முடிந்து ஆட்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். மீதி 30,000 வரவில்லை.

“ஒரே வீடியோ” என்பதிலேயே ஏமாற்று தொடங்குகிறது. 30, 15, 6 விநாடி என மூன்று நீளம். யூடியூபுக்கு 1920×1080, ரீல்ஸுக்கு 1080×1920, இன்ஸ்டா பதிவுக்கு 1080×1350 என மூன்று அளவு. ஆக ஊருக்கு 9 ஃபைல், ஐந்து ஊருக்கு 45. ஒரு ஊரில் அரங்கம் மாறினால் 9 ஃபைலைத் திறக்க வேண்டும். ஸ்பான்சர் மாறினால் 45-ஐயும். ரீல்ஸில் கீழே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தலைப்பும் பட்டன்களும் மறைத்துவிடும். அதனால் புது லோகோ வந்தால் வெர்டிகல் ஃபைலில் லோகோ வரிசை முழுவதையும் மேலே ஏற்றி அடுக்க வேண்டியிருக்கும். இங்கே ஸ்பான்சர் நான்கு முறை மாறினார். கூடுதல் காசு கேட்டால் “சின்ன கரெக்‌ஷன்தானே” என்ற பதில்.

மேடை எல்இடி திரைக்கும் “இதையே ஓட்டிக்கலாம்” என்பார்கள். ஓடாது. 3.91 மி.மீ. பிட்ச் (பிக்சலுக்குப் பிக்சல் உள்ள தூரம்) கொண்ட அரை மீட்டர் பேனலில் பக்கத்துக்கு 128 பிக்சல். 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரத் திரைக்கு 2560×1280 வேண்டும். யூடியூப் ஃபைலை அதில் நிரப்பினால் பாடகரின் தலை வெட்டுப்படும். இது தனி வேலை, தனி பில்.

உண்மையான அடி விழுந்தது ப்ராஜெக்ட் ஃபைலில், அதாவது எழுத்தையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றக்கூடிய மூல ஃபைலில். “எங்க ரெக்கார்டுக்கு வேணும்” என்று கேட்டார்கள்; எடிட்டரும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் செய்த அந்த ஃபைலை அப்படியே அனுப்பிவிட்டார். கடைசி இரண்டு ஊரை அமைப்பாளரின் உறவுக்காரப் பையன் மாற்றினான். ஊர்ப்பெயர்கள் யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். அதைப் பார்க்காமலே பதிவேற்றிவிட்டு, “உங்க வீடியோல எழுத்து உடைஞ்சிருக்கு, எங்க பேரே கெட்டுப்போச்சு” என்று பணத்தையும் நிறுத்திவிட்டார்கள். ப்ராஜெக்ட் ஃபைலுக்குத் தனி விலை சொல்லுங்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் முழுப் பணமும் கணக்கில் ஏறிய பிறகு, எழுத்துக்களை ஷேப்பாக (எழுத்துரு தேவைப்படாத வடிவமாக) மாற்றிக் கொடுங்கள்.

ப்ரிவியூவும் ஒரு ஓட்டைதான். மூலையில் வைக்கும் வாட்டர்மார்க்கை க்ராப் செய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறார்கள். டிக்கெட் விற்க அதுவே போதும். 640×360-இல், முகத்தின் குறுக்கே நகரும் வாட்டர்மார்க்கோடு, டைம்கோடும் (ஓடும் நேர எண்) பதித்து அனுப்புங்கள்.

பாதிப் பணம் வந்தபின் எடிட்டிங்கைத் தொடங்குவதுதான் சரி. முதலில் ஒரே ஒரு 30 விநாடி மாஸ்டர். அதற்கு மெயிலில் “ஓகே” வாங்கியபின் மற்றவை. அப்புறம் ஊர் ஊராக: பாரிஸுக்குப் பணம் வந்தால் பாரிஸ் ஃபைல். இரண்டு முறை திருத்தம் இலவசம், அதற்குமேல் ஃபைல் கணக்கில் காசு. ஸ்பான்சர் லோகோவுக்குக் கடைசித் தேதி. கச்சேரி ரத்தானாலும் முடித்த வேலைக்குப் பணம் உண்டு என்ற வரி. சினிமாப் பாட்டைச் சேர்க்கச் சொன்னால் இசை நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியை அவர்களே தரவேண்டும். வீடியோவை அவர்கள் சேனலிலேயே ஏற்றட்டும். காப்பிரைட் க்ளெய்ம் உங்கள் கணக்கில் வந்து நிற்கக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து “பணம் போட்டாச்சு” என்று வரும் ஸ்விஃப்ட் (வங்கிகளின் வெளிநாட்டுப் பணப் பரிமாற்ற முறை) ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி ஃபைலை அனுப்பாதீர்கள். பொய் ஸ்க்ரீன்ஷாட் செய்ய எடிட்டர் தேவையில்லை.

இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் சென்னையில் ஒரு கூட்டாளி நிறுவனம் இருக்கும். பில்லை அதன் பெயரில் போடுங்கள். வேலை எடுக்கும் முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால், 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் வரவேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வராத பணத்துக்கு, இதற்கான அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுப் போடலாம். இந்த எடிட்டரின் பில் லண்டன் முகவரிக்குப் போயிருந்தது. அதனால் அந்த வழியும் அவருக்கு இல்லை.