பெட்டியில் 150 வாட், எனக்கு 18,400 ரேண்ட் நட்டம்: டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் உள்ள கருவி) வாங்கப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான் 18,400 ரேண்ட் இழந்திருக்கிறேன். ரிசீவருக்கு 15,900, அது கருக்கிய இரண்டு ட்வீட்டர்களை (ஸ்பீக்கருக்குள் உயர் சுருதிகளை ஒலிக்கும் சிறு பாகம்) மாற்ற 2,500. ‘பயன்படுத்தியவரின் தவறு’ என்று கடையிலிருந்து இன்று மாலை மின்னஞ்சல் வந்திருக்கிறது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். டவர் ஸ்பீக்கருக்கு ஏற்ற ரிசீவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெரிய வணிக வளாகத்துக்குள் ஒலிச்சாதனங்களை மட்டும் விற்கும் கடை, பாட்டுப் போட்டுக் காட்டத் தனி அறை உள்ள கடை என்பது போதும்.

எங்கள் வீட்டு டவர் ஸ்பீக்கர்கள் அப்பா பல வருடங்களுக்கு முன் வாங்கியவை. இடுப்புக்கு மேல் உயரம், இன்றும் குறையில்லாத ஓசை. மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பிய நேரத்தில் பழைய ரிசீவர் போய்விட்டது. தீபாவளிக்குள் புதியது வாங்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். ஸ்பீக்கரின் பின்பக்கத் தகட்டில் இருப்பதை அப்படியே எழுதி, எது பொருந்தும் என்று கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: இம்பீடன்ஸ் (மின்தடை, இது குறைந்தால் ரிசீவருக்குச் சுமை கூடும்) 4 ஓம், சென்சிடிவிட்டி (ஒரே அளவு மின்சக்திக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது) 87 டெசிபல். ஒரு மாடலின் பெயரைச் சொல்லி, ‘உங்கள் ஸ்பீக்கருக்குக் கச்சிதமாகப் பொருந்தும்’ என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நேரில் போனபோது வரவேற்றவருக்கு அறுபது வயது இருக்கும். நெற்றியில் விபூதி. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். “வா தங்கச்சி, உட்கார். எங்கள் தாத்தாவும் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்தான். நம் ஆட்களுக்கு நான் தவறான பொருளைத் தர மாட்டேன்” என்றார். 1860இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்த ஊர் இது. இங்கே அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்துதான் அவரும் பேசினார். தேநீர் வந்தது. அறையை இருட்டாக்கி நாதஸ்வரம் போட்டார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. “4 ஓம் என்றால் சுமை அதிகமாயிற்றே, இது தாங்குமா அண்ணா?” என்று கேட்டேன். பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்த 150 வாட்டைத் தொட்டுக் காட்டி, “இதற்கு மேல் என்ன வேண்டும்?” என்றார். நம்பிப் பணம் கட்டினேன்.

வீட்டில் மெல்லிய ஓசையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தீபாவளியன்று உறவினர்கள் கூடியிருக்க, சற்றே ஒலியைக் கூட்டியதும் ‘டக்’ என்று அணைந்தது. மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் பாடும், மறுபடி அணையும். மேல்மூடியில் கை வைக்க முடியாத சூடு. சில வாரங்களில் ஒரு ட்வீட்டர் மௌனமானது, பிறகு மற்றொன்று.

அந்த 150 வாட் எப்படி வந்தது என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. 6 ஓம் சுமையில், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில், ஒரே ஒரு சானலை (ஒரு ஸ்பீக்கருக்கான வழி) மட்டும் இயக்கி, 10 சதவீதம் ஒலிச்சிதைவை அனுமதித்து அளந்த எண் அது. 10 சதவீதச் சிதைவோடு யாராவது பாட்டுக் கேட்பார்களா? அதற்குக் கீழே இன்னொரு வரி: 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானல், 0.08 சதவீதச் சிதைவு, 80 வாட். உண்மையான திறன் இதுதான். 4 ஓம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘6 ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கர்களை இணைக்கவும்’ என்றே அச்சிட்டிருக்கிறார்கள். தினமும் இதையே விற்கும் ஒருவருக்கு இது தெரியாதா?

இம்பீடன்ஸ் பாதியானால், அதே வோல்டேஜில் ஆம்ப்ளிஃபையர் இரண்டு மடங்கு மின்னோட்டம் தர வேண்டும். தகட்டில் 4 ஓம் என்று இருந்தாலும் சில தாழ்ந்த சுருதிகளில் அது இன்னும் கீழே இறங்கும். சிறிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ரிசீவர் அங்கே திணறிப் பாதுகாப்புக்காக அணைகிறது. அணைவதற்கு முன் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, உயர் சுருதிகளில் தேவையற்ற ஆற்றல் சேர்ந்து ட்வீட்டரைச் சுடுகிறது. கடையில் நாதஸ்வரம் பாடிய ஸ்பீக்கரின் தகட்டைப் பின்னர் போய்ப் பார்த்தேன். 8 ஓம், 92 டெசிபல், அதாவது என்னுடையதைவிட 5 டெசிபல் கூட. 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும், 5 டெசிபலுக்கே மூன்று மடங்குக்கு மேல். அவர்கள் காட்டியது ஒன்று, என் வீட்டுச் சுமை வேறு.

இதையெல்லாம் சொன்னதற்குக் கிடைத்த பதில்களைக் கேளுங்கள். முதலில் கேபிள் சரியில்லை என்றார்கள். கேபிளை மாற்றினேன். பிறகு, பணிமனைக்கு அனுப்பினோம், குறை எதுவும் இல்லை என்றார்கள். எந்த ஸ்பீக்கரோடு இணைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. மேலாளர் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறார், திங்கட்கிழமை பேசுவார் என்றார்கள். எந்தத் திங்கட்கிழமையும் அவர் பேசவில்லை. தங்கச்சி என்று அழைத்தவர் இப்போது ‘மேடம்’ என்கிறார். “தனியாக ஒரு பவர் ஆம்ப்ளிஃபையர் வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் மேடம், தள்ளுபடி தருகிறோம்” என்றார். அதை மாட்டுவதற்கான ப்ரீ அவுட் துளையே அந்த மாடலில் கிடையாது! 18,400 ரேண்டை இழந்து நிற்பவளிடம், மாட்டவே முடியாத இன்னொரு பெட்டியை விற்கப் பார்க்கிறார்கள். பெட்டியைப் பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பில்லின் பின்புறம் இருக்கிறதாம்.

அது செல்லாது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 55ஆம் பிரிவைப் படியுங்கள். எந்தத் தேவைக்கு என்று சொல்லி வாங்கினால், பொருள் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 56ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வாங்கியவருக்குத்தான் உண்டு. அந்த மின்னஞ்சல்களை இணைத்து நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்துவிட்டேன்.

விரிவாகச் சொல்வதாக எழுதினேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவற்றை மட்டும் பாருங்கள். பெட்டியின் முகப்பு எண்ணை நம்பாதீர்கள். இரண்டு சானல், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, எத்தனை வாட் என்று கேளுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால், கையேட்டில் 4 ஓம் என்று அச்சிட்டிருக்கும் ரிசீவரையே வாங்குங்கள். ப்ரீ அவுட் இருக்கிறதா என்று பின்பக்கத்தைப் பாருங்கள். சப்ஊஃபர் (தாழ்ந்த சுருதிகளுக்கான தனி ஸ்பீக்கர்) இருந்தால், ரிசீவரின் அமைப்பில் ஸ்பீக்கரை ‘ஸ்மால்’ என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்ஊஃபருக்குப் பிரித்துவிட்டால் சுமை ஓரளவு குறையும். ரிசீவர் ஒருமுறை தானாக அணைந்தாலும் ஒலியைக் கூட்டாதீர்கள், ட்வீட்டர் போய்விடும். முடிந்தால் உங்கள் ஸ்பீக்கரையே கடைக்குத் தூக்கிப் போய்ச் சோதியுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது நான்கு பக்கமும் படம் எடுத்து, கடைக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள். எனக்குத் திரும்பி வந்த கருவியின் மேல்மூடியில் ஒரு திருகு இல்லை. அதையும் நான்தான் கழற்றினேன் என்று இன்றைய மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார்கள்.