லேட்டஸ்ட் என்றால் எது? லிப்ரே ஆபீஸ், உபுண்டு பதிப்பு எண்களோடு என் அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் ஆறு கணினிகள். எல்லாவற்றிலும் உபுண்டு இயங்குதளமும், எழுத்து வேலைக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளும்தான், 2012லிருந்தே. ஏதாவது கோளாறு என்று யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பேன், "என்ன வெர்ஷன்?" வரும் பதில்: "லேட்டஸ்ட்தாண்ணே."

அந்த ஒரு சொல்லை நம்பி அரை நாள் தேடி அலைந்ததெல்லாம் உண்டு.

லிப்ரே ஆபீஸ் 2011ல் 3.3 என்று வந்தது. 7.6 வரை ஏறி, 2024 தொடக்கத்தில் நேராக 24.2க்குத் தாவியது. ஆண்டு, புள்ளி, மாதம். எனக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துவிட்டது. 7.3 எத்தனை வருடப் பழசு என்று தேடித்தான் பார்க்கவேண்டும்; 24.8 என்றால் 2024 ஆகஸ்ட், பார்த்ததுமே தெரிகிறது. உபுண்டு 2004ல் 4.10 என்று வந்த நாளிலிருந்தே இப்படித்தான். ஆனால் அது மாதத்தை 04 என்று இரண்டு இலக்கத்தில் எழுதும். அதுதான் சரி என்பேன்.

எந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்று விரிதாளில் குறித்துவைப்பேன். ஒன்றில் உபுண்டு 24.10 போட்டிருந்தோம். தட்டி என்டர் அடித்ததும் அது 24.1 ஆகிவிட்டது. தசம எண் என்று எடுத்துக்கொண்டு கடைசிப் பூஜ்ஜியத்தை விழுங்கிவிட்டது, நான் கவனிக்கவில்லை. பிறகு பட்டியலைப் பார்த்த தம்பி, 24.1 என்று உபுண்டுவே இல்லையே, 24.04ஆகத்தான் இருக்கும் என்று திருத்திவிட்டார். 24.04க்கு ஐந்து வருட ஆதரவு உண்டு. 24.10க்கு ஒன்பதே மாதம். 2025 ஜூலையில் அது முடிந்த பிறகும் அந்தக் கணினி பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராமல் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குக் கோப்புகள் இருக்கும் கணினி அது. இப்போது அந்த நெடுவரிசையை உரை என்று மாற்றிவிட்டுத்தான் எண்ணைத் தட்டுகிறேன்.

பதிப்பு எண்ணில் புள்ளி தசமப் புள்ளி இல்லை; 1.9க்கு அடுத்து 1.10 வரும். அதை "ஒன்று புள்ளி பத்து" என்றே வாயால் சொல்லிப் பழகுங்கள், குழப்பம் பாதி குறையும்.

அப்புறம், லிப்ரே ஆபீஸில் உதவி மெனுவைத் திறந்து, "பற்றி" பெட்டிக்குப் போனால் பதிப்பு விவரத்துக்குப் பக்கத்தில் நகலெடுக்கும் பொத்தான் இருக்கும். ஒரு சொடுக்கில் நான்கு பகுதிகொண்ட முழு எண், இயங்குதளம், மொழி அமைப்பு, உபுண்டு தந்த தொகுப்பென்றால் அதன் எண் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதிலிருந்து எண்ணை எடுத்துத் தேட முடியாது. தம்பி இப்போது வாட்ஸ்அப்பில் அந்த வரிகளை ஒட்டிவிட்டுத்தான் கோளாறையே சொல்கிறார்.