டூடூயிஸ்ட் ஆப்: கடைக்கும் வீட்டுக்கும் ஒரே லிஸ்ட்

செய்ய வேண்டிய வேலைய தேதியோட எழுதி வச்சு, முடிச்சதும் டிக் அடிக்கற ஆப் தான் டூடூயிஸ்ட். குடும்பமா சேர்ந்து கடை நடத்துறவங்களுக்கு அது நல்லாவே செட் ஆகும்னு தைரியமா சொல்வேங்க. ஆனா ஆப்ப போன்ல ஏத்திட்டா மட்டும் போதாது, வாரம் ஒருக்கா எல்லாரும் உக்காந்து அதைப் பாக்கற பழக்கமும் வரணும். எங்களுது உடுமலைல ஹார்டுவேர், பெயிண்ட், பிவிசி பைப் கடை. மாமா ஆரம்பிச்சது, இப்ப வீட்டுக்காரர் கடைல நிக்கறாரு, கொழுந்தனார் லோடு, டெலிவரி, வெளிய வசூல் பாக்கறாரு, பில்லு, ஜிஎஸ்டி, கம்பெனிகளுக்கு பேமென்ட் எல்லாம் நான். கூடவே பசங்க ஸ்கூலு, அத்தைக்கு மாத்திரை, சொந்தக்காரங்க விசேஷம்னு வீடு தனியா ஓடிட்டே இருக்கும்.

இந்த மாதிரி ஆப் பத்தி பேசற பாதி பேரு வேலைக்கு ஒரு லிஸ்ட், வீட்டுக்கு ஒரு லிஸ்ட், ரெண்டையும் கலக்காதீங்கன்னு தான் சொல்றாங்க. ஆபீஸ் போறவங்களுக்கு அது சரி. நமக்கு எப்படிங்க ஒத்து வரும்? ராத்திரி தோசை ஊத்திட்டு இருக்கறப்ப மாமா "பைப் கம்பெனிக்கு செக் போட்டாச்சாம்மா"ன்னு கேப்பாங்க, கடைல கஸ்டமருக்கு பில் போட்டுட்டு இருக்கறப்ப ஸ்கூல்ல இருந்து போன் வரும், ஆளுங்களும் அதே ஆளுங்க, கல்லாவும் ஒரே கல்லா தான். அதனால நான் எல்லாத்தையும் ஒரே ஆப்ல தான் போட்டேன். கடை, கணக்கு, வீடு, பசங்க, விசேஷம்னு அஞ்சு ப்ராஜெக்ட் (ஆப்குள்ள தனித்தனி லிஸ்ட்ட அப்படித்தான் சொல்றாங்க). பணம் கட்டாத ப்ளான்லயே அஞ்சு குடுக்கறாங்க, எங்களுக்கு அதுவே போதும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது டுடே பக்கம் தான். அஞ்சுல இருந்தும் இன்னைக்கு முடிக்க வேண்டியது ஒண்ணு கீழ ஒண்ணா வந்து நிக்கும். ஜிஎஸ்டி ஃபைலிங்குக்கு கீழயே பேரன்ட்ஸ் மீட்டிங், அதுக்கு கீழ அத்தைக்கு சுகர் டெஸ்ட். கடை வேலையும் வீட்டு வேலையும் ஒரே பக்கத்துல இருக்கறப்ப வீட்டு வேலைய "அது கெடக்கட்டும், அப்புறம் பாக்கலாம்"னு யாராலயும் தள்ள முடியல. குடும்ப வியாபாரத்துல கடைன்னு சொன்னாலே மத்ததெல்லாம் வழி விட்டுரும், அதுலயும் பொம்பளைங்க நேரத்துக்கு கணக்கே கிடையாது. இங்க என்னோட வேலையும் தேதியோட எழுதி நிக்குது, அது எனக்குப் பெரிய விஷயம்ங்க.

அடுத்து தேதி போடற விதம். "எவ்ரி 20த்"னு அடிச்சா மாசாமாசம் 20ஆம் தேதி 3பி (ஜிஎஸ்டி வரி கட்டற ரிட்டர்ன்) தானா வந்து நிக்கும், ஜிஎஸ்டிஆர் 1க்கு (விற்பனை விவரம் காட்டற ரிட்டர்ன்) 11ன்னு போட்டிருக்கேன், எங்கள மாதிரி மாசாமாசம் ஃபைல் பண்றவங்களுக்கு அது தான் கெடு (மூணு மாசத்துக்கு ஒருக்கா பண்றவங்களுக்கு தேதி வேற). 3பி லேட்டானா ஒரு நாளைக்கு 50 ரூபா, வட்டி தனி, அதனால நான் 18ஆம் தேதிக்கே இன்னொன்னு போட்டு வச்சிருக்கேன். எவ்ரிங்கற வார்த்தையோட ஒரு ஆச்சரியக்குறி சேத்தா, நாம டிக் அடிச்ச நாள்ல இருந்து அடுத்த தேதிய எண்ணும். இது பல பேருக்கு தெரியறதில்ல. வாட்டர் ஃபில்டர் சர்வீஸ், பைக் ஆயில் மாத்தறது மாதிரி கொஞ்சம் முன்ன பின்ன ஆகற வேலைக்கு இத போடுங்க, ஜிஎஸ்டிக்கு தப்பித் தவறியும் போட்டுராதீங்க. சின்ன உற்பத்தியாளருங்க கிட்ட எடுக்கற சரக்குக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லன்னா 15 நாள்ல பணம் குடுக்கணும், அந்தக் கெடுவும் தாண்டி, கணக்கு வருஷம் முடியறதுக்குள்ளயும் குடுக்கலன்னா இன்கம் டாக்ஸ்ல அந்தச் செலவ அந்த வருஷக் கணக்குல காட்டறது சிக்கலாயிரும். பில் வந்த அன்னைக்கே கெடு தேதிய ஏத்திட்டா தலைல சுமந்துட்டு திரிய வேண்டியதில்ல.

வாராவாரம் பாக்கறதுங்கறது டேவிட் ஆலன்ங்கறவரோட ஜிடிடி (கெட்டிங் திங்ஸ் டன், வேலைய ஒழுங்குபடுத்தற ஒரு முறை) முறைல வர்றது, ரெண்டு நிமிஷத்துல முடியற வேலைய எழுதி வைக்காம அப்பவே முடிங்கன்னு சொல்றதும் அதே முறை தான். நாங்க ஞாயித்துக்கிழமை மதியம் கடை சாத்தினதும் உக்காருவோம். வர்ற வாரம் என்ன லோடு, யாரு யாரு பாக்கி, எந்த நாள் முகூர்த்தம் (அன்னைக்கு கடைப் பசங்க லீவு கேப்பாங்க), பசங்களுக்கு எப்ப பரீட்சை. கடை ப்ராஜெக்ட்ட மூணு பேரும் ஷேர் பண்ணி வச்சிருக்கறதால அங்கயே ஆளுக்கு ஒண்ணுன்னு பேரு போட்டு ஒதுக்கிருவோம். வாட்ஸ்அப் க்ரூப்ல சொன்னா அது மேல போய் மறைஞ்சிரும், இதுல டிக் அடிக்கற வரைக்கும் நிக்கும். மாமா ஆப் பக்கமே வர மாட்டாங்க, வரணும்னு நாங்களும் கட்டாயப்படுத்தல, அவங்களுக்கு வேண்டியத ஒரு தாள்ல எழுதி கல்லாப்பெட்டி கிட்ட வச்சிருவேன், அவங்க வாயால சொல்றத நான் ஏத்திக்குவேன்.

குறைன்னா, மெனு தமிழ்ல இல்ல. வேலைய தமிழ்ல எழுதலாம், ஜிபோர்டுல (கூகுள் கீபோர்டு) பேசியே கூட ஏத்தலாம், ஆனா தேதிய இங்கிலீஷ்ல தான் அடிக்கணும், கொழுந்தனாருக்கு அது இன்னும் எரிச்சல் தான். ஜிஎஸ்டி, அட்வான்ஸ் டாக்ஸ் தேதியெல்லாம் அதுக்கா தெரியாது, கெடுவ நீட்டிச்சாலும் நாம தான் மாத்தணும். ஸ்டாக், பாக்கி கணக்குக்கு இது ஆகவே ஆகாது, அதுக்கு டேலி மாதிரி சாஃப்ட்வேர் வேணும், இதுல "வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னாருகிட்ட பாக்கி கேக்கணும்"ங்கற அளவுக்கு மட்டும் போடுங்க. மொதல்லயே காசு கட்ட வேண்டாம், ரெண்டு மூணு மாசம் ஃப்ரீல ஓட்டுங்க, அஞ்சு ப்ராஜெக்ட் பத்தலன்னா அப்புறம் பாத்துக்கலாம்.