கேக் சாமான் கடையும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

கல்லடிப் பாலம் தாண்டிக் காத்தான்குடிப் பக்கம் போகிற மெயின் ரோட்டில், நாவற்குடாவில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற கேக் சாமான் கடையைப் பற்றித்தான் இது. கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று அதை நடத்துகிற அக்காவே சொல்லிவிட்டார். "பேர் போட்டா ஆக்கள் வந்து நிண்டு செல்பி எடுப்பாங்க, சாமான் வாங்க மாட்டாங்க" என்பது அவருடைய வாதம். சரி, அவர் கடை, அவர் இஷ்டம். மட்டக்களப்பில் என்னைப் போல வீட்டில் கேக் செய்து விற்கிற யாரிடம் கேட்டாலும் வழி சொல்லுவார்கள்.

முதலில் சாமான். ஐசிங் சீனி, கொக்கோ, ஃபொண்டன்ட் (கேக்கின் மேல் போர்த்துகிற சீனிப் பசை), போட் (கேக் வைக்கிற அட்டை), பெட்டி, நொசில் என்று வழக்கமானது எல்லாம் இருக்கிறது. டவுன் கடைகளை விடச் சிலதுக்குக் கொஞ்சம் விலை கூட, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஐசிங் சீனி மூட்டையைப் பிரித்துக் கட்டுகிற ஒவ்வொரு பைக்கும் மூட்டை உடைத்த திகதியை மார்க்கரால் எழுதி வைக்கிறார், கட்டி பிடித்த சீனியை இங்கே வாங்கிய நினைவு எனக்கு இல்லை. ஜெலட்டின் போத்தல் தனித் தட்டில், ஹலால் முத்திரை தெரிகிற மாதிரி, அதற்கென்று ஒரு கரண்டியோடு இருக்கும். சைவ வீட்டு ஓடர் என்று சொன்னால் அந்தப் பக்கமே விடமாட்டார், கடல்பாசியை எடுத்து நீட்டுவார். ரிப்பன் கேக்குக்கு நிறம் கேட்டால் எந்த நிறம் அடுத்த நாள் மங்கும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லுவார்.

விப்பிங் கிறீம் மட்டும் இங்கே நம்பி வாங்காதீர்கள். கரண்ட் போய் வந்த நாளில் ஒரு பெட்டி இளகி மறுபடி உறைந்திருக்க வேண்டும், எவ்வளவு அடித்தாலும் நிற்கவில்லை. மாற்றித் தந்தார், ஆனால் அதற்கு முன்னால் "பாத்திரம் சூடா இருந்திருக்கும்" என்று ஒரு பாடம் எடுத்துவிட்டுத்தான் தந்தார்.

இவ்வளவுதான் என்றால் இந்தக் கடையைப் பற்றி நான் எழுதியே இருக்க மாட்டேன். எழுத வைத்தது மேசையில் கிடக்கிற தடித்த சீ.ஆர். கொப்பி, மட்டை போட்ட பெரிய நோட்டு. அதில் ஒவ்வொரு வீட்டுக் கேக்காரிக்கும் ஒரு வரி: பெயர், போன் நம்பர், ஊர், காஸ் அடுப்பா கரண்ட் அவனா, என்ன செய்வார், என்ன செய்யமாட்டார். கடைசி நிரல்தான் கொப்பியின் உயிர். என் வரியில் "மூன்று அடுக்குக்கு மேல் இல்லை, பொம்மை முகம் இல்லை" என்று இருக்கிறது. பக்கத்து வரி ராத்தாவுக்கு "முட்டையில்லாத கேக் இல்லை". களுவாஞ்சிகுடியில் ஒரு சாமத்திய வீட்டுக்குக் கேக் வேண்டுமென்று யாராவது கடைக்குப் போன் எடுத்தால், அக்கா கொப்பியைப் புரட்டி அந்தப் பக்கத்தில் யார், அந்த அளவு யாரால் முடியும் என்று பார்த்து இரண்டு பேருடைய விருப்பத்தையும் கேட்டு இணைத்துவிடுகிறார். கமிஷன் இல்லை. பெட்டியும் அட்டையும் தன் கடையில் வாங்குவார்கள் என்பதுதான் அவருக்கு லாபம், அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். நம்மில் பெரும்பாலானோர் பேஸ்புக் மாதிரி ஒரு தளத்தில் பக்கத்தைத் தொடங்கி, நாலு படம் போட்டு, லைக் வந்தால் வாடிக்கையாளர் வட்டம் அமைந்துவிட்டது என்று நினைக்கிறோம். 2018 ஜனவரியிலேயே பேஸ்புக் சொல்லிவிட்டது, வியாபாரப் பக்கங்களின் பதிவைக் குறைத்து நண்பர், குடும்பத்தாரின் பதிவை முன்னுக்குக் காட்டப் போகிறோம் என்று. வட்ஸ்அப்பில் பட்டியல் போட்டு அனுப்பலாம் என்றால் ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அப்புறம் நம் நாட்டுக் கதை தனி. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று கிளம்பிய வதந்தி பேஸ்புக்கில் ஓடியது, மார்ச்சில் திகனைக் கலவரத்தோடு அரசு பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் மூடியது. 2019 ஏப்ரல் 21, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்றே மறுபடி மூடினார்கள், மாதக் கடைசியில்தான் திறந்தார்கள். 2022 ஏப்ரல் 3 இன்னொரு தடை. இடையில் 2021 ஒக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் தாங்களே விழுந்துபோய் ஆறு மணித்தியாலம் எழும்பவில்லை. என்னுடைய ஒரு பக்கமும் (எந்தத் தளம் என்பது வேண்டாம்) காரணம் சொல்லாமல் முடங்கி, இவ்வளவு காலமும் பேசிய வாடிக்கையாளர் ஒருவருடைய நம்பரும் என் கையில் இல்லாமல் நின்றது. படம் போடுவதை நான் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்த வேண்டாம். புது ஆட்கள் நம்மைப் பார்ப்பது அங்கேதான். ஆனால் பார்க்கிறவர் வேறு, நமக்கு ஒரு அவசரம் என்றால் எழும்பி வருகிறவர் வேறு. அந்த இரண்டாவது வகை இந்தக் கடை வாங்கில், அதாவது பெஞ்சில்தான் எனக்குக் கிடைத்தது.

வாங்கு என்றேன் அல்லவா, கடைக்கு வெளியே மாமரத்தடியில் ஒரு நீள வாங்கு. ஒவ்வொரு போயா (பௌர்ணமி) பின்னேரமும் அங்கே கூடுவார்கள். வெள்ளி என்றால் ஜும்ஆவும் கோயிலும், ஞாயிறு என்றால் சேர்ச், போயா எல்லாருக்கும் லீவு என்பதால் அந்த நாள். காத்தான்குடி, ஆரையம்பதி, ஏறாவூர், சில வேளை கல்முனையிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். ஒருவர் கொண்டுவந்த கேக்கை வெட்டி, நடுவில் ஏன் இறுகியது என்று எல்லாரும் மணந்தும் பிய்த்தும் பார்ப்பார்கள். கேக் சுடுகிற தட்டு இரவல் கொடுப்பதும் அங்கேதான். இலக்க வடிவத் தட்டு ஒன்பதும் பூச்சியமும் எல்லாரும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, ஒரு சிறு பிணைக்காசு கட்டி எடுத்துப் போகலாம். பெட்டி அச்சடிக்கிற ஆள் ஒரு வகைக்குப் பெரிய எண்ணிக்கை கேட்பார், எல்லாருமாகச் சேர்ந்து வெறும் வெள்ளைப் பெட்டி எடுத்து அவரவர் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்கிறோம்.

கொப்பியில் தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் கலந்து இருப்பதில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. பெருநாளுக்கு முந்தின கிழமை காத்தான்குடிக்காரருக்குக் கை ஓயாது, மிஞ்சுகிற ஓடர் பாலத்துக்கு இந்தப் பக்கம் வரும். டிசம்பரில் ரிச் கேக்குக்கு கஜு வெட்டியே எங்கள் பக்கம் களைத்துப்போகும், அப்போது பிறந்தநாள் கேக்குகள் அந்தப் பக்கம் போகும். 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகு தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கடைக்கு மற்றவர் போக யோசித்த மாதங்கள் நமக்கெல்லாம் தெரியும். அப்போதும் இந்த வாங்கில் வந்து குந்தியவர்கள் இருந்தார்கள் என்று பழைய ஆட்கள் சொல்லுகிறார்கள். கொஞ்சப் பேர்தான், ஆனால் வந்திருக்கிறார்கள்.

சண்டையும் உண்டு. கைமாற்றிக் கொடுத்த ஓடருக்குள் ஒருவர் தன் விசிட்டிங் கார்டை வைத்து அனுப்பி, வாடிக்கையாளர் அடுத்த முறை நேரே அவரிடம் போய்விட்டார். போயாவன்று பெரிய வாக்குவாதம். இப்போது கொப்பியின் முன்னட்டையின் உள்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: ஓடர் யாருடையதோ வாடிக்கையாளரும் அவருடையவர். விலையைப் பற்றிய பேச்சில் மூத்தவர்கள் குரல்தான் ஓங்கும். புதிதாக வந்த ஒரு பிள்ளை கிலோவுக்கு விலை குறைத்துக் கேக் கொடுக்கிறாள் என்று எல்லாருமாகச் சேர்ந்து அவளை அழவைத்த அன்று எனக்கு எழும்பிப் போகத் தோன்றியது. முட்டை விலையும் காஸ் விலையும் போட்டுக் கணக்குக் காட்டியிருந்தால் அவளே கூட்டியிருப்பாள். வாகரை, வாழைச்சேனை ஆட்கள் கொப்பியில் இருக்கிறார்கள், வாங்கில் இல்லை. பின்னேரம் கூடினால் இரவு எப்படித் திரும்பிப் போவது? காலையில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு குறை, இரண்டும் சின்னதல்ல. இத்தனை பெண்களின் போன் நம்பர் எழுதிய கொப்பி மேசையில் திறந்து கிடக்கிறது, பெட்டி வாங்க வந்த யாரும் எட்டிப் பார்க்கலாம். மற்றது, அது ஒரே ஒரு கொப்பி. மாரியில் தண்ணீர் ஏறுகிற ஒழுங்கையில், கீழ்த் தட்டில் ஐசிங் சீனிப் பைகளோடு சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வைக்கச் சொன்னால், "எடுப்பம் புள்ள" என்கிறார். போன மாரிக்கு முன்னாலும் அதையேதான் சொன்னார்.

ஐந்துக்கு நான்கு போடுவேன், அந்த ஒன்றைக் கொப்பிக்குப் பிரதி எடுத்த பிறகு தருகிறேன். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை கடை பூட்டு. கார்ட் மெஷின் இல்லை, காசு கொண்டு போங்கள். புதிதாகப் போகிறவர்கள் சும்மா பெயர் எழுதக் கேட்டால் எழுதமாட்டார், செய்த கேக்கில் ஒரு துண்டு கொண்டுபோக வேண்டும். பட்டர் கேக்காக இருந்தால் நல்லது, ஃபொண்டன்டை உரித்துவிட்டுத்தான் சாப்பிட்டுப் பார்ப்பார்.