சுனாமி சேறு படிஞ்ச நிலம்: இசி மீட்டர் போதுமா, கரைசல் டெஸ்ட்டா, முழு உலோக டெஸ்ட்டா?

செட்டிநாட்டுப் பக்கம் வண்டல்னாலே நல்லதுன்னுதான் நமக்குப் பழக்கம். கண்மாய் வத்துனதும் கரம்பை அள்ளி டிராக்டர்ல கொண்டுபோய் புஞ்சையில கொட்டுறோம், செம்மண்ணுக்கு அது நல்ல எரு. அதனால 2004 டிசம்பர் 26 பத்தி பேச்சு வந்தா காரைக்குடி டீக்கடையில கூட "கடலும் வண்டலைத்தானப்பா போட்டுட்டுப் போச்சு, உழுது விட்டா சரியாப்போயிரும்"னு சொல்றவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அப்படி நினைக்காதீங்க. கரம்பை மழைத்தண்ணியில ஊறுனது, கடல் சேறு உப்போடயும், காத்து படாம கிடந்த கந்தகத்தோடயும், வர்ற வழியில கிடந்த டீசல், பேட்டரி, சாக்கடை எல்லாத்தையும் வாரிக்கிட்டும் வர்றது. உழுதுட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது, அதனால டெஸ்ட் முதல்ல, ஏர் அப்புறம்.

எல்லாரும் முதல்ல எடுக்குறது இசி (மின் கடத்துதிறன், உப்பு எவ்வளவுன்னு காட்டும்), பிஎச் (அமிலமா காரமான்னு காட்டும்). சீப்பு, எந்த மண் பரிசோதனை நிலையத்துலயும் பண்ணுவாங்க. நிறைவுக் கரைசல்ல, அதாவது மண்ணைத் தண்ணி ஊத்திக் குழைச்சு அதுல இருந்து பிரிச்ச தண்ணியில, இசி மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் தாண்டுனா உவர் நிலம்ங்கிறது கணக்கு, ஆனா நிறைய லேப்ல மண்ணோட ரெண்டு ரெண்டரை பங்கு தண்ணி கலந்து அளக்குறாங்க, அதுல நம்பர் கம்மியாத்தான் வரும், அதை 4-ஓட ஒப்பிட்டுட்டு நிம்மதியாயிடக்கூடாது. இன்னொரு விஷயம், நல்ல மழை பெஞ்சா உப்பு இறங்கி இசி குறைஞ்சிரும், ஆனா களிமண்ணுல ஒட்டுன சோடியம் அப்படியே நிக்கும், மண்ணு இறுகி தண்ணி இறங்காது. இப்படி ஒட்டியிருக்குற சோடியத்தோட பங்கு, அதாவது பரிமாற்ற சோடியம், 15 சதவீதம் தாண்டுச்சான்னு கேட்டு வாங்குங்க, தாண்டுனா ஜிப்சம், தக்கைப்பூண்டுன்னு போகணும். உப்புக்கு இது அருமையான டெஸ்ட், உலோகத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லாது.

உலோகத்துக்கு ரெண்டு வழி. முழு உலோக டெஸ்ட்ல ராஜதிராவகம்ங்கிற கடும் அமிலக் கலவையில மண்ணைக் கரைச்சு, உலோகங்களை அளக்குற ஐசிபி மெஷின்ல போடுவாங்க, காசு அதிகம், ரிப்போர்ட்ல ஆர்சனிக்னு பாத்ததும் வீட்டுல எல்லாரும் பயந்துருவாங்க. ஆனா கடல் களிமண்ணுல இயல்பாவே கொஞ்சம் ஆர்சனிக் இருக்கும், இருக்குறது வேற, தண்ணியில இறங்கி கிணத்துக்கோ வேருக்கோ போறது வேற. கரைசல் டெஸ்ட் இந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொல்லுது. ஜப்பான்ல மண்ணுக்கு வச்சிருக்குற முறையில ஒரு பங்கு மண்ணுக்கு பத்து பங்கு தண்ணி, 6 மணி நேரம் குலுக்கி வடிகட்டி அளக்கணும், ஆர்சனிக், ஈயம் ரெண்டுக்கும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. 2011 சுனாமிக்கு அப்புறம் அங்க படிஞ்ச சேத்துலயும் ஆர்சனிக்கைத்தான் முக்கியமா பாத்தாங்க.

என்னைக் கேட்டா கிணத்துக்கும் புஞ்சைக்கும் கரைசல் டெஸ்ட்தான் முதல்ல, முழு டெஸ்ட்டை விட அதுக்குக் காசு போடுறது மேல். நெல் வயல்னா மட்டும் கதை மாறுது, தண்ணி கட்டி நிக்கிறப்ப காத்து இல்லாம மண்ணுல இருக்குற இரும்புத் துரு கரையும், அதுல ஒட்டிக்கிட்டிருந்த ஆர்சனிக் வெளிய வரும், நெல்லு அதை இழுத்துக்கும், 6 மணி நேரக் குலுக்கல்ல இது தெரியாது. அங்க மொத்த இருப்பும் தெரியணும், ரெண்டும் எடுத்தே ஆகணும்.

கருப்பா, அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற சேறுன்னா ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்திட்டு பிஎச் பாக்கச் சொல்லுங்க. இன்னைக்கு 7 இருக்குற மண்ணு அதுல 3-க்குக் கீழ விழுந்தா, காத்து பட்டதும் கந்தகம் அமிலமாகி உலோகத்தையும் கரைச்சு விடும்னு அர்த்தம். சிப்பித் தூள் நிறைய கலந்த மணல்னா சுண்ணாம்பு அதைத் தாங்கிக்கும், அவ்வளவு பயம் வேண்டாம்.

எந்த டெஸ்ட்டா இருந்தாலும் மேல படிஞ்ச சேத்தையும் அடியில இருக்குற பழைய மண்ணையும் தனித்தனி பையில எடுங்க. கடல் ஏறாத பக்கத்து நிலத்துலயும் ஒரு பை எடுத்துக்குங்க, அது இல்லன்னா வந்த நம்பர் கடல் கொண்டுவந்ததா, முன்னாடியே இருந்ததான்னு எந்த லேப்காரராலயும் சொல்ல முடியாது.