புளோரன்ஸ் பயணத்துக்கு முன்: ஸ்லைடா, சாக்பீஸும் கயிறுமா?

இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துக்குக் கல்விப் பயணம் போகும் மாணவர்களைத் தயார் செய்ய ஆசிரியர்கள் பொதுவாக இரண்டு வழிகளில் ஒன்றை எடுக்கிறார்கள். அறையை இருட்டாக்கி, புரொஜெக்டர் வைத்து, நாலைந்து வகுப்புகளுக்கு ஸ்லைடு காட்டி விளக்குவது ஒன்று. ஆளுக்கொரு இடத்தைப் பிரித்துக் கொடுத்து, அங்கே போனதும் அவர்களையே பேசவைப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வழியில் ஒத்திகை பள்ளி மைதானத்தில் நடக்கும்: சாக்பீஸ், கயிறு, டேப், எல்லாம் உண்மை அளவில். எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

ஸ்லைடு எதற்கு நல்லது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகரத்தை ஆட்டிவைத்த மெடிச்சி குடும்பம் யார், கம்பளி, பட்டு வணிகர் சங்கங்களிடம் ஏன் அவ்வளவு பணம் இருந்தது, 1478 ஏப்ரல் 26 அன்று பேராலயப் பூசையின் நடுவே அந்தக் குடும்பத்து ஜூலியானோ ஏன் குத்திக் கொல்லப்பட்டான், அண்ணன் லொரென்சோ எப்படித் தப்பினான் என்ற கதைகளுக்கு மைதானம் உதவாது. 1966 நவம்பர் 4 வெள்ளத்தின் புகைப்படங்களையும் திரையில்தான் காட்ட முடியும். இவற்றுக்கு இரண்டு பீரியடு போதும். மூன்றாவது பீரியடிலிருந்து பிள்ளைகள் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஸ்லைடு தோற்கும் இடம் அளவு. மற்ற குறைகளை எப்படியாவது சரிக்கட்டிவிடலாம், இதை முடியாது. மைக்கேலாஞ்சலோ செதுக்கிய 5.17 மீட்டர் உயர டேவிட் சிலையும், ஒரு கையால் அணைத்துக்கொள்ளக்கூடிய வெண்கலப் பலகையும் திரையில் ஒரே அளவில் தெரியும். முப்பது நாள் கழித்து அசலின் முன் நிற்கும் மாணவன் ‘இவ்வளவு சின்னதா’ என்றோ ‘அம்மாடி’ என்றோ வியந்து முடிப்பதற்குள் அடுத்த கூட்டம் முதுகில் இடிக்கும். பார்க்கக் கிடைத்த நேரம் திகைப்பிலேயே கரைந்துவிடும். அளவை முன்பே உடம்பால் உணர்ந்தவன் நேராகக் கையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான்.

டேவிட்டிலிருந்து தொடங்குவது எளிது. முதல் மாடி ஜன்னலிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு, தரையிலிருந்து 5.17 மீட்டரில் சுவரில் ஒரு வண்ண நாடா ஒட்டுங்கள். பீடத்தின் உயரம் இதில் சேராது என்பதையும் சொல்லிவிடுங்கள். சாந்தா மரியா நோவெல்லா ஆலயத்தில் ஓவியர் மசாச்சோ தீட்டிய ‘திரித்துவம்’ சுவரோவியம் ஏறக்குறைய 6.67 மீட்டர் உயரம், 3.17 மீட்டர் அகலம். அதைத் தரையில் வரைவது வசதி. ஓவியத்தில் ஆழத்தைக் காட்டும் கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் புள்ளி, சிலுவையின் அடியில், நின்று பார்ப்பவரின் கண் மட்டத்தை ஒட்டி இருக்கிறது. அதை மட்டும் சிவப்புச் சாக்பீஸில் குறியுங்கள்.

பெரிய வேலை, கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி கட்டிய பேராலயக் குவிமாடம். 1420 முதல் 1436 வரை, வளைவைத் தாங்கும் மரச்சட்டத்தைத் தரையிலிருந்து எழுப்பாமலே கட்டிய எண்கோணம் அது. உள்ளே ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு சுமார் 45 மீட்டர். நடுவில் ஒரு முளை அடித்து 22.5 மீட்டர் கயிற்றைக் கட்டுங்கள். கயிற்றின் மறுமுனையில் ஒருவர் நிற்கட்டும். அதே வட்டத்தில் அவரிடமிருந்து 17.2 மீட்டரில் அடுத்தவர். இப்படியே எட்டுப் பேர். எட்டாமவருக்கும் முதலாமவருக்கும் நடுவே இடைவெளி சரியாக வராமல் போவதுதான் வழக்கமான சிக்கல். பக்கத்துக்கு 20 செ.மீ. பிசகினாலே கடைசியில் 1.6 மீட்டர் வந்துவிடும். பெரும்பாலும் காரணம் நைலான் கயிறு, இழுக்க இழுக்க அது நீளும். நில அளவை டேப் கிடைத்தால் அதையே எடுங்கள். மைதானம் 45 மீட்டருக்குக் குறைவு என்றால் எட்டில் ஒரு முக்கோணம் மட்டும் போடுங்கள்: இரண்டு பக்கம் 22.5, அடி 17.2. படத்தைப் பாதியாகச் சுருக்கிப் போட வேண்டாம், செய்த வேலைக்கே அர்த்தம் போய்விடும்.

சின்ன அளவுக்கு பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ள இரண்டு வெண்கலப் பலகைகளை விட்டால் வேறு நல்ல பாடம் இல்லை. ஞானஸ்நான மண்டபத்தின் கதவுக்காக 1401இல் அறிவித்த போட்டிக்கு சிற்பி கிபெர்ட்டியும் புருனெல்லெஸ்கியும் செய்தவை. இருவருக்கும் ஒரே நிபந்தனை: நான்கிதழ்ப் பூ வடிவச் சட்டத்துக்குள் மகனைப் பலியிடப் போகும் ஆபிரகாம், மகன் ஈசாக்கு, அதைத் தடுக்க வரும் தேவதூதன், இரண்டு வேலைக்காரர், கழுதை, ஆட்டுக்கடா எல்லாம் வர வேண்டும். ஆளுக்கு 45க்கு 38 செ.மீ. அட்டை கொடுத்து, அத்தனை பேரையும் அதில் அடக்கி வரையச் சொல்லுங்கள். கழுதை வந்ததும் இடம் தீர்ந்துபோகும். அந்தத் திண்டாட்டத்தை அனுபவித்தவர்களுக்கு, புருனெல்லெஸ்கியின் தூதன் ஆபிரகாமின் கையையே எட்டிப் பிடிப்பதும், கிபெர்ட்டியின் தூதன் தொடாமல் மேலே மிதப்பதும் அசலைப் பார்த்த நொடியில் உறைக்கும். கிபெர்ட்டியின் பலகைக்குச் சுமார் 7 கிலோ வெண்கலம் குறைவாகவே செலவானது. செலவைப் பார்க்கும் வணிகர்கள் நடத்திய போட்டியில் அது சின்ன விஷயமில்லை.

இனி பேச்சு. ஒரு இடத்துக்கு இரண்டு பேரைப் போடுங்கள். அன்று ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் இடம் அநாதையாகாது. மூன்று நிமிடம், கையில் தபால் அட்டை அளவில் ஒரே ஒரு அட்டை. அதில் ஓர் அளவு, விரலால் சுட்டிக்காட்ட ஒரு பொருள், பார்த்தால்தான் பதில் கிடைக்கும் ஒரு கேள்வி. இதில் கெட்டுப்போவது எப்போதும் ஒரே மாதிரிதான்: இணையத்திலிருந்து எடுத்த பிறப்பு, இறப்பு ஆண்டுகளை ஒப்பிப்பது. அதற்கு மருந்து முதல் வாக்கியம். அது ‘அந்த வலது கையைப் பாருங்கள்’ என்பது போல ஒரு இடத்தைக் காட்டியே தொடங்க வேண்டும் என்று விதி வையுங்கள். ஒத்திகையில் படம் காட்டாதீர்கள், சாக்பீஸ் கோட்டின் முன்னே நின்று பேசட்டும். ஆலயங்களுக்குள் குரல் தாழ வேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அதனால் பேச்சை வாசலுக்கு வெளியே முடித்துவிட்டு, உள்ளே பார்ப்பதற்கு மட்டும் போவது நல்லது.

அட்டையின் பின்பக்கம் ‘அசல் எங்கே?’ என்று ஒரு வரி கட்டாயம். சிக்னோரியா சதுக்கத்தில் நிற்கும் டேவிட் நகல். அசல் 1873இல் அக்காடமியா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஞானஸ்நான மண்டபத்துக்குக் கிபெர்ட்டி பிற்பாடு செய்த ‘சொர்க்க வாசல்’ கதவும் நகல்தான், அசல் பேராலய அருங்காட்சியகத்தில். ஸ்லைடில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாததால், நகலின் முன் அரை மணி நேரம் செலவழித்துவிட்டு அசலை வேகநடையில் கடக்கும் குழுக்கள் உண்டு.

குவிமாடத்தில் ஏற 463 படிகள், லிஃப்ட் கிடையாது, நேரம் குறித்து முன்பதிவு செய்தாக வேண்டும். பள்ளியில் மாடிக்கு 22 படி என்றால் 21 மாடி ஏறும் கணக்கு. பாதை குவிமாடத்தின் உள், வெளி என இரண்டு கூடுகளுக்கு நடுவே குறுகலாகப் போகும். மீன்முள் வரிசையில் நிறுத்திவைத்த செங்கற்களை அங்கேதான் கிட்டத்தில் பார்க்கலாம். மூச்சுத் தொந்தரவோ அடைபட்ட இடத்தில் பயமோ உள்ள பிள்ளைகளை முன்பே தனியாகக் கேட்டறிந்து, ‘சொர்க்க வாசல்’ பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். மற்றவர்கள் ஏறும் நேரத்தில் அவர்கள் அருங்காட்சியகத்தில் இருப்பார்கள். பயண அட்டவணையில் திங்களை மட்டும் பார்த்துப் போடுங்கள், உஃபிட்சி ஓவியக் கூடமும் அக்காடமியாவும் அன்று மூடியிருக்கும்.

நேரக் கணக்கில் ஸ்லைடுதான் ஜெயிக்கும். மைதான வழிக்கு ஆறேழு பீரியடு ஆகும், மழை வந்தால் கோடு அழியும். பதினான்கு, பதினைந்து வயதுக்காரர்களிடம் இது நன்றாக நடக்கிறது. பத்து, பதினொன்று வயதுக்காரர்களிடம் பேச்சுப் பகுதி தாங்குமா என்று அடித்துச் சொல்ல மாட்டோம், அவர்களுக்கு அளவு வேலை மட்டும் போதும் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு மதியம்தான் கிடைக்கும் என்றால், சுவரில் அந்த 5.17 மீட்டர் நாடாவும் ஆளுக்கொரு 45க்கு 38 அட்டையும்.