பற்கூழ் நரம்பிழைகள்: பல் சீவலா, இரட்டை அறையா?

பல்லின் உள்ளே இருக்கும் மென்திசுவான பற்கூழின் நரம்பிழைகளை ஆய்வகத்தில் வைத்துப் பார்க்க இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன. பிடுங்கிய ஞானப்பல்லை வைரத்தூள் பதித்த வாளால் சீவலாக அறுத்து, அப்படியே மீடியத்தில் (செல்களுக்கு ஊட்டம் தரும் திரவத்தில்) வளர்ப்பது ஒன்று. எலிக்குஞ்சின் முக்கிளை நரம்பு முடிச்சிலிருந்து எடுத்த நியூரான்களை ஓர் அறையிலும் பற்கூழ்ச் செல்களை அடுத்த அறையிலும் விட்டு, இடையிலுள்ள நுண்கால்வாய்கள் வழியே இழைகளை வளரவிடுவது மற்றொன்று. சிங்கப்பூரின் ஒன்-நார்த்தில் எங்கள் குழு இரண்டாவதை எடுத்தது. அதுதான் சரி என்று நானும் வாதாடினேன்.

சீவலின் நன்மைகள் தெரிந்தவைதான்: மனிதப் பல், பல்லின் உள் அடுக்கை உருவாக்கும் ஓடோன்டோபிளாஸ்ட் செல்கள் தம் இடத்திலேயே, செலவும் குறைவு. இங்கே 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் இருப்பதால் ஒப்புதல் வேலைகள் உண்டு. எலிக்கும் தனி அனுமதி வேண்டுமே. பல் அடைக்கும் பொருள் செல்களைக் கொல்கிறதா என்று மட்டும் பார்க்கச் சீவலே போதும்.

நரம்பு என்று வந்தால் கதை வேறு. இழையின் செல் உடல் பல்லில் இல்லை, மண்டையோட்டின் அடியில் இருக்கிறது. பல்லைப் பிடுங்கியதுமே தொடர்பு அறுந்துவிடும். என்எம்நாட்2 என்ற புரதம் செல் உடலில் உருவாகி இழை நெடுக வந்துகொண்டே இருக்க வேண்டும். அதன் ஆயுள் சில மணி நேரம்தான். அது தீர்ந்ததும் சார்ம்1 என்ற நொதி முடுக்கப்பட்டு, இழை உயிர்வாழத் தேவையான என்ஏடி என்ற மூலக்கூறைக் காலி செய்கிறது. ஓரிரு நாளில் இழை சிதைகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணியை எவ்வளவு ஊற்றினாலும் இல்லாத செல் உடலுக்கு ஈடாகாது. சார்ம்1 மரபணு நீக்கிய எலிகளில் வெட்டுண்ட இழை இரண்டு வாரம் போல நிலைக்கிறது. மனிதப் பல்லில் அந்த மரபணுவை நீக்க வழியில்லை.

சாயம் பிடித்தால் உயிர் இருக்கிறது என்று நினைத்துவிடவும் கூடாது. இழையின் சட்டகப் புரதமான டியூபுலினைக் காட்டும் சாயம் சிதைந்த துண்டுகளிலும் பச்சையாக ஒளிரும். நல்ல இழை தொடர் கோடாகத் தெரியும்; செத்தது பாசிமணி சிந்தியதுபோல் புள்ளி புள்ளியாகக் கிடக்கும்.

இரட்டை அறையில் செல் உடல் கூடவே இருப்பதால் இழை வாரக்கணக்கில் நிற்கிறது. பராமரிப்புதான் கடினம். மீடியத்தைப் பாதி மட்டும், அது நிற்கும் சிறு குழியின் ஓரத்திலிருந்து மெதுவாக உறிஞ்ச வேண்டும். கால்வாயில் ஒரு குமிழி புகுந்தால் அந்தப் பக்க இழைகள் போச்சு. ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கும் மனித உணர்வு நியூரான்களில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அவற்றைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

கையில் சீவல்தான் இருக்கிறது என்றால் நரம்பு அளவீடுகளை முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள்.